ஈறை வெட்டுவதற்கு முன்னால் அளக்கச் சொல்லுங்கள்

தை, ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கினால் மேற்கு மாம்பலத்தில் நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும்: "சிரித்தால் ஈறுதான் தெரிகிறது, பல் குட்டையாக இருக்கிறது. கல்யாண போட்டோவுக்குள் சரி செய்துவிடலாமா?" பலருக்குச் செய்யலாம். ஆனால் ஈறு ஏன் தெரிகிறது என்று கண்டுபிடிக்காமல் யாரையும் கை வைக்க விடாதீர்கள். ஈறு நிபுணருக்குப் பல வருஷமாக உதவியாளராக இருக்கிறேன், அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

முதலில் வீட்டிலேயே ஒரு ஸ்கேலை வைத்து மேல் முன்பல்லின் உயரத்தைப் பாருங்கள். சாதாரணமாக 10 முதல் 11 மி.மீ. இருக்கும். உங்களுக்கு 8 தான் வருகிறது, பல்லும் தேயவில்லை என்றால், எனாமலின் ஒரு பகுதியை ஈறு மூடியிருக்கலாம். ஈறைச் சீர்செய்தால் நல்ல பலன் கிடைப்பது இவர்களுக்குத்தான். பல் முழு உயரத்தில் இருந்தும் ஈறு தெரிகிறதென்றால், மேலுதடு அதிகமாகத் தூக்குகிறது, அல்லது மேல்தாடை எலும்பு நீளம். அங்கே ஈறை வெட்டினால் வேர்தான் வெளியே வரும், பல் கூசும்.

ஈறு வீங்கி ரத்தம் வருகிறதா? ஸ்கேலிங் (கிளினிக்கில் பல்லில் படிந்த காறையை எடுப்பது) செய்து, ஒழுங்காகப் பல் துலக்கிவிட்டுச் சில வாரம் பொறுங்கள். வீக்கம் வடிந்து, ஆபரேஷனே வேண்டாம் என்று போனவர்கள் உண்டு. வலிப்புக்கான ஃபெனிடாயின், பிரஷருக்கான அம்லோடிபின், சிறுநீரக மாற்றத்துக்குப் பின் தரும் சைக்ளோஸ்போரின் ஆகியவையும் ஈறை வளர வைக்கலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான இடம். மரப்பு ஊசி போட்டதும், மெல்லிய அளவுகோலை ஈறுக்குள் இறக்கி எலும்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஈறின் விளிம்புக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. இடம் வேண்டும். அதில் 2 மி.மீ. பல்லோடு ஒட்டியிருக்கும் திசு. அந்த இடத்தைக் கொடுக்காமல் ஈறை மட்டும் சீவினால் அது திரும்ப வளர்ந்துவிடும், இல்லையென்றால் எப்போதும் சிவந்து வீங்கியே கிடக்கும். லேசரா, பிளேடா என்ற கேள்வியெல்லாம் இதற்கு அப்புறம்தான். "எலும்பையும் கொஞ்சம் சீவ வேண்டியிருக்குமா, டாக்டர்?" என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள். அளக்காமல் பதில் சொன்னால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

அழகுக்காக வந்தாலும் பல்லுக்கும் லாபம் உண்டு. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளம் 3 மி.மீ. வரை சரி, அதற்குக் கீழே பிரஷ் எட்டாது, அழுக்கு சேரும். ஈறு சரியான இடத்தில் நின்றால் பல் சுத்தமாக இருக்கும். ஈறோடு உடைந்த பல்லுக்குக் கேப் போடவும் இதே முறைதான் வழி செய்கிறது. ஈறு இறங்கி வேர் தெரிபவர்களுக்கு மேலண்ணத்திலிருந்து திசு எடுத்து ஒட்டுவார்கள். கூச்சம் குறையும்.

கருத்த ஈறை ரோஸ் நிறமாக்கவும் கேட்கிறார்கள். அது தோலுக்கு நிறம் தரும் மெலனின், நோய் இல்லை. எடுத்தாலும் நாளாக ஆக நிறம் திரும்பலாம். அம்மா, பாட்டிக்கு இருந்த நிறத்தை அப்படியே விடுங்கள் என்பது என் கருத்து.

ஈறு மட்டும் என்றால் ஓரிரு வாரத்தில் ஆறும். எலும்பும் சீவி, முன்பல்லில் கேப் போடுவதென்றால் 3 முதல் 6 மாதம் காத்திருக்க வேண்டும். முகூர்த்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சிகிச்சை முடிந்த அன்று சூடான காபி கூடாது. ஆறிய ரசம் சாதம், குழைந்த இட்லி போதும்; ஸ்ட்ரா, மிளகாய்ப்பொடி, முறுக்கு வேண்டாம். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு சொன்ன நாளுக்கு மேல் வேண்டாம், பல்லில் கறை படியும். புகை, புகையிலை இருந்தால் புண் சீக்கிரம் ஆறாது.

செலவுக்குத் தயங்குபவர்கள் சென்னை கோட்டை ரயில் நிலையம் அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய் ஈறு சிகிச்சைப் பிரிவைக் கேளுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, சர்க்கரை இருந்தால் மூன்று மாத சராசரி ரிப்போர்ட் இரண்டையும் எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.