சமையலறை பிளக் பாயின்டும் 30 மில்லி ஆம்பியரும்

"ஃப்ரிட்ஜத் தொட்டுக்கிட்டே குழாயத் திறந்தா சுருக்குங்குதுடா" என்று அம்மா மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாக வயரிங் வேலை பார்க்கிற நான், "ஈரக் கையோட தொடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனேன். நாலாவது நாள் எனக்கே அடித்தது. மல்டிமீட்டரை எடுத்து ஃப்ரிட்ஜின் உடம்புக்கும் குழாய்க்கும் நடுவே வைத்துப் பார்த்தால் 108 வோல்ட். பிளக் பாயின்டைக் கழற்றினேன். எர்த் கம்பி திருகிலிருந்து நழுவி, டப்பாவுக்குள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அந்த பாயின்டை மாட்டியது நான்தான்.

இந்த 108 வோல்ட் பார்க்கப் பயமாக இருந்தாலும் உடனே ஆளைக் கொல்கிற வகை இல்லை. இப்போதைய ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ் போன்றவற்றுக்குள் மின் இரைச்சலை வடிகட்டச் சிறிய கெப்பாசிட்டர்கள் இருக்கும். அவை ஃபேஸிலிருந்தும் (மின்சாரம் வருகிற கம்பி) நியூட்ரலிலிருந்தும் (அது திரும்புகிற கம்பி) உடம்புக்கு இணைந்திருக்கும். எர்த் அறுந்துவிட்டால் உடம்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில் மிதக்கும். பாயக்கூடிய மின்னோட்டம் மிகக் குறைவு, அதனால் சுருக்கென்று மட்டும் இருக்கும். ஆனால் அதே நிலையில் உள்ளே ஒரு ஃபேஸ் கம்பி உரசித் தகட்டைத் தொட்டிருந்தால் முழு 230 வோல்ட்டும் கதவுப் பிடியில் காத்திருந்திருக்கும். அதைத் தடுக்க டிபி பாக்ஸில், அதாவது வீட்டுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில், என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தேன். ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் தரைக்குக் கசிந்தால் தானாக அணைகிற சுவிட்ச், இருந்தது. அதன் மேல் 100 மில்லி ஆம்பியர் என்று போட்டிருந்தது. அதையும் மாட்டியது நான்தான்.

"எங்க வீட்ல எம்சிபி இருக்கு, ஷாக் அடிச்சா விழுந்துடும்" என்று பலர் நம்புகிறார்கள். எம்சிபி என்பது அதிக மின்னோட்டம் போனால் தானாக அணைகிற (நாங்கள் 'விழும்' என்போம்) சுவிட்ச். ஷாக்குக்கு அது விழாது. 16 ஆம்பியர் எம்சிபி விழ 16 ஆம்பியருக்கு மேல் வேண்டும், அதாவது 16,000 மில்லி ஆம்பியர். மனித உடம்போ அரை மில்லி ஆம்பியரிலேயே உணரத் தொடங்கும். 10-ஐத் தாண்டினால் பலருக்குக் கை இறுகிக்கொண்டு பிடித்ததை விட முடியாது. 30-ஐத் தாண்டி நீடித்தால் மூச்சும் இதயமும் ஆபத்தில். எம்சிபியின் வேலை சுவருக்குள் இருக்கும் கம்பி சூடாகி எரியாமல் பார்ப்பது. உங்கள் உடம்பு வழியாகப் போகிற 50 மில்லி ஆம்பியர் அதன் கண்ணுக்கே தெரியாது.

ஆளுக்கான காவல் ஆர்சிசிபியிடம் இருக்கிறது. ஃபேஸ் கம்பியும் நியூட்ரலும் ஒரே இரும்பு வளையத்துக்குள் நுழைந்து போகும். போன அளவு மின்னோட்டம் திரும்பி வந்தால் இரண்டின் காந்தப் புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். யாரோ ஒருவர் உடம்பு வழியாகக் கொஞ்சம் தரைக்குப் போய்விட்டால் கணக்கு இடிக்கும், வளையத்தில் சுற்றிய சின்னச் சுருளில் மின்னோட்டம் எழும், சுவிட்ச் தட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் வகை, கசிவு 30-ஐத் தொட்டால் 300 மில்லி வினாடிக்குள் விழ வேண்டும். 150 ஆனால் 40 மில்லி வினாடிக்குள். எர்த் கம்பி அறுந்திருந்தாலும் இது வேலை செய்யும், என் வீட்டுக் கதையில் எனக்கு வேண்டியிருந்தது அதுதான். 100, 300 மில்லி ஆம்பியர் வகைகள் தீ விபத்தைத் தடுக்க உதவும், ஆளைக் காப்பாற்ற அவற்றை நம்பக் கூடாது.

சமையலறைக்கு ஏன் இவ்வளவு? ஈரக் கை, பாத்திரம் கழுவும் உலோகத் தொட்டி, குழாய், இரும்பு உடம்புள்ள கருவிகள், எல்லாம் கை எட்டும் தூரத்தில். அமெரிக்க மின் விதிநூல் இந்தக் கசிவுக் காவலை எப்படிப் படிப்படியாக இறுக்கியது என்று பார்த்தாலே புரியும். 1987 பதிப்பில் தொட்டியிலிருந்து 6 அடிக்குள் சமையல் மேடைக்கு மேல் உள்ள பாயின்டுகளுக்கு மட்டும் காவல் கேட்டது. 1996-இல் மேடைக்கான எல்லாப் பாயின்டுகளுக்கும் என்றது. 2023 பதிப்பில் சமையலறையில் உள்ள எல்லாப் பாயின்டும், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருப்பது உட்பட. இந்தக் காவல் கருவியை அங்கே ஜிஎஃப்சிஐ என்று சொல்வார்கள், 4 முதல் 6 மில்லி ஆம்பியரிலேயே விழும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல் 1961-இல் உருவாக்கியது. எத்தனை மில்லி ஆம்பியரில் கை விடாது என்று தொண்டர்களை வைத்து அளந்தவர் அவர். மற்றப் பல நாடுகள் பின்பற்றும் ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) விதிகள் வேறு வழியில் வருகின்றன: சாதாரண ஆட்கள் பயன்படுத்தும் 32 ஆம்பியர் வரையான பாயின்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியருக்கு மிகாத காவல். பிரிட்டனின் விதியும் இதே போக்கு. உங்கள் ஊர் விதி எதுவானாலும் நான் செய்வது ஒன்றுதான்: சமையலறையில் பாயின்ட் என்று எது இருந்தாலும் 30 மில்லி ஆம்பியர் காவலுக்குள் கொண்டுவருவேன்.

சரி, உங்கள் வீட்டைப் பார்ப்போம். டிபி பாக்ஸில் 'டி' என்ற எழுத்தோடு அல்லது டெஸ்ட் என்ற சொல்லோடு ஒரு சின்னப் பொத்தான் இருக்கும் சுவிட்சைத் தேடுங்கள். அதன் மேல் 0.03 ஏ என்றோ 30 எம்ஏ என்றோ அச்சாகி இருக்க வேண்டும். பொத்தானை அழுத்துங்கள். டக்கென்று விழுந்து, சமையலறையின் எல்லாப் பாயின்டும் செத்துவிட வேண்டும். ஒவ்வொரு பாயின்டிலும் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். எது எரிகிறதோ அது காவலுக்கு வெளியே இருக்கிறது. மின்விசிறியும் விளக்கும் நிற்பதைப் பார்த்துவிட்டு 'எல்லாம் விழுந்துவிட்டது' என்று முடிவு கட்டாதீர்கள், அந்த அவசரத்தால் ஏமாந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

மாற்றுவதென்றால் இரண்டு வழி. சமையலறை சர்க்யூட்டுக்கென்று ஒரு ஆர்சிபிஓ போடலாம், இதில் எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாக இருக்கும். அல்லது ஆர்சிசிபி ஒன்றைப் போட்டு அதன் பின்னால் எம்சிபிகளை வைக்கலாம். வெறும் ஆர்சிசிபி அதிக லோடுக்கு விழாது என்பதை மறக்க வேண்டாம். நான் ஃப்ரிட்ஜுக்குத் தனி ஆர்சிபிஓ, மேடைப் பாயின்டுகளுக்கு வேறொன்று என்று பிரித்துப் போடுகிறேன். கெட்டில் கெட்டுப்போய் மேடை விழுந்தால் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும். ஆர்சிசிபி, ஆர்சிபிஓவின் வகையைப் பொறுத்தவரை, இண்டக்‌ஷன் அடுப்பும் இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜும் இருக்கிற வீட்டில் டைப் ஏசி வாங்காதீர்கள், டைப் ஏ வாங்குங்கள். இவற்றின் எலெக்ட்ரானிக் சுற்றிலிருந்து வருகிற, விட்டுவிட்டுத் துடிக்கும் டிசி (ஒரே திசை மின்னோட்டம்) கசிவை டைப் ஏசி நம்பகமாகப் பிடிக்காது. சுவிட்சின் மேல் ஒரு அலைக்கோடு மட்டும் அச்சாகி இருந்தால் ஏசி. அலைக்குக் கீழே அரை அரையாகத் துண்டுபட்ட அலையும் வரைந்திருந்தால் ஏ.

டிபி பாக்ஸைத் திறக்கிற வேலை உரிமம் உள்ளவருடையது. மெயினை அணைத்த பிறகும் உள்ளே வருகிற கம்பியில் மின்சாரம் இருக்கும். ஆனால் பக்கத்தில் நின்று ஒன்று கேளுங்கள்: "இந்த ஆர்சிசிபியோட நியூட்ரல் தனியா இருக்கா?" ஒரு சர்க்யூட்டின் நியூட்ரலை வேறொரு சர்க்யூட்டின் நியூட்ரலோடு கோர்த்துவிட்டால், எந்தக் கசிவும் இல்லாமலே அடிக்கடி விழும். பழைய வீடுகளில் இது சர்வசாதாரணம். பழியெல்லாம் ஆர்சிசிபி மீது போய், கடைசியில் யாராவது அதைக் கழற்றிவிட்டு நேர்க் கம்பி போட்டுவிடுவார்கள்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. தொட்டியின் ஓரத்திலிருந்து கிடைமட்டமாக 30 செ.மீ.யாவது தள்ளி பாயின்ட் வையுங்கள். வயர் தொட்டிக்கு மேலாக நீண்டு போக வேண்டிய நிலை வந்தால் பாயின்ட் தப்பான இடத்தில் இருக்கிறது.

இப்போது விழுகிற கதை. ஆர்சிசிபி விழுந்தால் எழுப்பிப் பாருங்கள். மறுபடி விழுந்தால் சமையலறைக் கருவிகளின் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவ வேண்டும். பல இடங்களில் சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். கருவிக்குள் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் சுவிட்ச் அணைந்த பிறகும் அது விழுத்தும். இதை அறியாமல் நானே ஆரம்ப காலத்தில் ஒரு வீட்டில் அரை நாள் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தேன், குற்றவாளி மூலையில் அணைந்து கிடந்த ஒரு பழைய ஓவன். எல்லாவற்றையும் உருவிய பின் விழாமல் நின்றால், ஒவ்வொன்றாகச் செருகுங்கள். பெரும்பாலும் சூடேற்றும் கம்பிச் சுருள் உள்ளது மாட்டும்: கெட்டில், ஓவன், தண்ணீர் சூடாக்கி. நாள்பட்ட சுருளுக்குள் ஈரம் ஏறிவிடும். எல்லாம் உருவிய பிறகும் விழுந்தால் கோளாறு வயரிங்கில் இருக்கிறது, அப்போது ஆளைக் கூப்பிடுங்கள்.

ஒவ்வொரு கருவியும் தன் பங்குக்குச் சிறிது கசியும் என்பதால், ஒரே ஆர்சிசிபியில் முழு வீட்டையும் தொங்கவிட்டால் காரணமில்லாமல் விழுவது போலத் தோன்றும். வழக்கமான கசிவு மொத்தம் 9 மில்லி ஆம்பியருக்குள் நிற்கும்படி பிரிப்பது நல்லது.

ஆர்சிசிபியால் முடியாத ஒன்றும் இருக்கிறது. ஒரு கை ஃபேஸிலும் இன்னொரு கை நியூட்ரலிலும் இருந்து, கால் தரையிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தால் போனதும் வந்ததும் சமம். உங்களையும் ஒரு பல்பாகத்தான் அது கணக்கிடும். அதனால் உரிந்த வயரை 'ஆர்சிசிபி இருக்கிறதே' என்று விட்டுவைக்காதீர்கள். எர்த்தையும் விட்டுவிடாதீர்கள். எர்த் இருந்தால் கோளாறு வந்த நொடியே விழும். இல்லாவிட்டால் யாராவது தொடும்வரை காத்திருக்கும்.

பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். அழுத்தாமலே வருடக்கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் பொறி இறுகிப்போகும். நான் பார்த்த ஒரு வீட்டில் பொத்தான் அழுந்தியது, சுவிட்ச் அசையவில்லை. அழுத்தி விழாததை அன்றைக்கே மாற்ற வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது அம்மாதான் அழுத்துகிறார். டிபி பாக்ஸ் கதவின் உட்புறம் பென்சிலில் தேதி போட்டுவைக்கிறார். போன மாதம் நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, "எர்த் கம்பி திருக ஒரு தடவ பாத்துட்டுப் போ" என்றார். பார்த்துவிட்டுத்தான் போனேன்.