கையே அலகாகட்டும்: வீட்டில் செய்து பார்க்கும் பறவைப் பாடங்கள்

சிறு குழந்தைக்குப் பறவைகளை அறிமுகப்படுத்த நினைக்கும் பெற்றோர் பலர், வண்ணப்படங்கள் நிறைந்த அட்டையொன்றைச் சுவரில் மாட்டி, 'இது என்ன, அது என்ன' என்று பெயர் கேட்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். பெயர்கள் ஒரே வாரத்தில் மனப்பாடமாகிவிடும். ஆனால் பறவை தன் அலகாலும் இறகாலும் செய்கிற வேலையைக் குழந்தை தன் கையால் செய்து பார்த்தால்தான், அந்த உடலமைப்பு ஏன் அப்படி இருக்கிறது என்ற கேள்வி அதற்குள் எழும். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஏற்ற சில செயல்களை இங்கே தருகிறேன்.

முதலில், சன்னலிலிருந்து பார்க்கக்கூடிய இடத்தில் நீர்த்தட்டு ஒன்றை வைத்துவிடுங்கள். ஆழம் 5 செ.மீ.க்கு மேல் வேண்டாம். நடுவில் பறவை நிற்க ஒரு சொரசொரப்பான கல் இருக்கட்டும். பூனை பதுங்கக்கூடிய புதர் அருகில் இருக்கக் கூடாது. நாள்தோறும் தட்டைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்றும் வேலையைக் குழந்தையிடமே ஒப்படைக்கலாம். புதிய தட்டை நம்பிப் பறவைகள் வந்து சேரச் சில நாள்கள் ஆகலாம் என்பதால், அதுவரை வீட்டுக்குள் செய்ய வேண்டியவற்றைச் செய்துகொண்டிருப்போம்.

எல்லாவற்றிலும் பயன் மிகுந்தது அலகு விளையாட்டுதான். துணி கவ்வும் கிளிப், நீளமான இடுக்கி, தேநீர் வடிகட்டி, மருந்து ஊற்றும் டிராப்பர் ஆகிய நான்கையும் ஒரு தட்டில் வையுங்கள். இவைதான் அலகுகள். இரை நான்கு வகை: கிண்ணத்தில் சில மணிகள், மண்ணில் பாதி புதைத்த நூல் துண்டுகள், அகலமான பாத்திரத்து நீரில் மிதக்கும் பஞ்சுத் துணுக்குகள், குறுகிய கழுத்துடைய புட்டியில் வண்ணநீர். மூன்று வயது நிரம்பாத குழந்தை உடனிருந்தால் மணிகளை நீக்கிவிட்டுப் பெரிய துண்டுகளாக எதையேனும் வைக்க வேண்டும். விழுங்கிவிடும் ஆபத்து உண்டு.

எந்த அலகு எந்த இரைக்கு என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். முதன்முறை என் மகளுடன் இதைச் செய்தபோது, ஆர்வக்கோளாறில் எல்லாவற்றையும் நானே விளக்கிவிட்டேன்; இரண்டு நிமிடங்களில் அவள் எழுந்து போய்விட்டாள். அடுத்த முறை வாயை மூடிக்கொண்டிருந்தேன். இடுக்கியால் வண்ணநீரை எடுக்க முயன்று, அது வழிந்தோடுவதைக் கண்டு, பிறகு டிராப்பரை எடுத்து ரப்பர்க் குமிழை அழுத்தி, நீர் குழாயில் ஏறியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தேன்சிட்டின் அலகு ஏன் அவ்வளவு நீளமாகவும் மெல்லியதாகவும் இருக்கிறது என்பதை அதற்குப் பிறகு சொன்னால் போதும். வடிகட்டி வாத்துக்குரியது: அதன் தட்டையான அலகின் ஓரங்களில் சீப்பின் பற்களைப் போன்ற அமைப்பு உண்டு, நீர் வெளியேற, இரை உள்ளே தங்கும். சேற்றில் துழாவும் நீள அலகுப் பறவைக்கு இடுக்கியும், விதையை உடைக்கும் சிட்டுக்குருவிக்குக் கிளிப்பும் பொருந்தும். கொத்துதல், கவ்வுதல், உறிஞ்சுதல், துழாவுதல் என்று ஒவ்வொரு செயலுக்கும் உரிய வினைச்சொல்லைச் செய்யும்போதே சொல்லிவந்தால், சொல்வளமும் கூடவே வளரும்.

அடுத்தது இறகு. வெளியில் கிடப்பதை எடுப்பதைவிட, கழுவி உலர்த்திய கோழியிறகு ஒன்றைப் பயன்படுத்துவது நல்லது. எதுவாயினும் தொட்டபின் கை கழுவ வேண்டும். நடுத்தண்டின் இருபுறமுள்ள இழைகளை விரலால் பிரித்துவிட்டு, அடியிலிருந்து நுனி நோக்கி மெல்ல நீவச் சொல்லுங்கள். பிரிந்தவை மீண்டும் ஒட்டிக்கொள்ளும். இழைகளிலுள்ள நுண்ணிய கொக்கிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதே காரணம். பறவை அலகால் இறகைக் கோதுவதும் இதற்காகத்தான். பிறகு ஒரு தாளின் பாதியில் மெழுகுக் கிரேயானை அழுத்தித் தேய்த்து, இரு பாதிகளிலும் நீர்த்துளி விட்டுப் பாருங்கள். மெழுகின்மேல் துளி உருண்டு நிற்கும். பல பறவைகள் வாலடியில் உள்ள சுரப்பியின் எண்ணெயை இறகில் தடவிக்கொள்கின்றன; இழைகளின் நெருக்கமும் சேர்ந்து நீரை உள்ளே விடாமல் தடுக்கிறது.

அளவைக் காட்ட நூல்கண்டு போதும். அலையும் ஆல்பட்ராஸ் என்ற கடற்பறவையின் விரிந்த சிறகுகள் நுனிக்கு நுனி 3.5 மீட்டர் வரை இருக்கும். அந்த நீளத்துக்கு நூலை வெட்டித் தரையில் விரித்து, குழந்தையை அதன்மேல் கை விரித்துப் படுக்கச் செய்யுங்கள். எடைக்குத் தண்ணீரே அளவுகோல். 5 மி.லி. கரண்டியால் ஆறு முறை ஊற்றிய நீர், ஏறத்தாழ ஒரு சிட்டுக்குருவியின் எடை. ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீர் கொண்ட புட்டி, ஒரு நெருப்புக்கோழி முட்டையின் எடை. குருவியை ஒரு கையிலும் முட்டையை மறு கையிலும் ஏந்திய குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே இதைச் செய்யலாம்.

ஒலிகளைப் பொறுத்தவரை நம் மொழியே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. காகம் கரையும், குயில் கூவும், மயில் அகவும், ஆந்தை அலறும், கோழி கொக்கரிக்கும். எல்லாமே 'கத்தும்' என்று பழகிவிட்ட காதுக்கு இந்த வேறுபாடு ஒரு விருந்து. நீங்கள் வினையைச் சொல்ல, குழந்தை அந்தப் பறவையாக மாறி ஒலியெழுப்பட்டும்.

கூடு கட்டும் விளையாட்டில் ஒரே விதி: இரண்டு விரல்கள் மட்டுமே அலகு. வைக்கோலும் நூலும் கொடுத்து ஒதுங்கிவிடுங்கள். உண்மையான கூட்டை எடுத்துவந்து காட்ட வேண்டாம். காகிதத் தட்டில் பறவை ஒட்டுவது போன்ற கைவேலைகள் மழைநாளுக்கு உதவும். அவற்றால் பறவையைப் பற்றி அறிவது குறைவு.

இதற்குள் தட்டுக்குப் பறவைகள் வரத் தொடங்கியிருக்கும். 1998இல் தொடங்கி ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடக்கும், பொதுமக்களே பறவைகளை எண்ணும் கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பில் குறைந்தது 15 நிமிடங்கள் பார்க்க வேண்டும். குழந்தைக்கு ஐந்து போதும். வந்து போகும் ஒரே பறவையைத் திரும்பத் திரும்ப எண்ணிவிடாதிருக்க, ஓர் இனத்தில் ஒரே நேரத்தில் கண்ட மிக அதிக எண்ணிக்கையை மட்டும் எழுதச் சொல்லுங்கள்; எழுதத் தெரியாவிட்டால் கோடு போடட்டும்.

அப்படிக் கோடு போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில், காகம் ஒவ்வொரு மிடறுக்கும் தலையை அண்ணாந்து விழுங்குவதையும், பக்கத்தில் புறா தலையே நிமிராமல் குடித்துக்கொண்டிருப்பதையும் என் மகள் கண்டுபிடித்தாள். புறாவால் அலகை நீரில் வைத்தபடியே உறிஞ்ச முடியும் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், அவள் உள்ளே ஓடிப்போய் டிராப்பரைத் தேடத் தொடங்கியிருந்தாள்.