ஆங்கிலத்தில் ‘ஆர்டன்ட்’: எங்கே போடலாம், எங்கே கூடாது

மொரீஷியஸில் பிடித்ததைச் சொல்ல கிரியோல் பேச்சில் ‘மோ கொன்தான்’ போதும். லிவர்பூல் அணியும் கொன்தான், சூடான தால்பூரியும் கொன்தான், காதலியும் கொன்தான். ஸ்கூல் சர்டிபிகேட் தேர்வுக்கு ஆங்கிலக் கட்டுரை எழுத உட்காரும்போதுதான் கை கட்டிப்போகிறது. ‘ஐ லைக் வெரி மச்’ என்று மூன்று வரிக்கு ஒரு முறை எழுதினால் திருத்துகிறவருக்கும் சலிப்பு. தீவிர ஈடுபாட்டைச் சொல்லும் ‘ஆர்டன்ட்’ (ardent) என்ற பெயரடையைக் கற்றுக்கொண்டால் அந்த இடங்களில் சிலவற்றையாவது சரி செய்யலாம்.

படி 1: வாயில் வரவேண்டும்

எழுத்து பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஒன்றேதான். பிரெஞ்சும் படிக்கிற நம் வகுப்பில் குழப்பம் தொடங்குவதும் இங்கேதான். பிரெஞ்சில் கடைசி ‘ட்’ ஒலிக்காது, முடிவு மூக்கில் போய் நிற்கும். ஆங்கிலத்தில் ‘ஆர்’ என்ற முதல் அசையை அழுத்தி, ‘டன்ட்’ என்பதை லேசாக விட்டுவிடுங்கள். லத்தீனில் எரிவதைக் குறிக்கும் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. பிரெஞ்சில் அந்த நெருப்பு இன்னும் அணையவில்லை. இறந்தவர் உடலைச் சுற்றி மெழுகுவத்தி ஏற்றி வைக்கும் அறைக்கு ‘ஷாப்பெல் ஆர்தான்த்’ என்றுதான் பெயர். இன்றைய ஆங்கிலத்தில் எரிவது பெரும்பாலும் மனசுதான். (சாராய வகைகளை ‘ஆர்டன்ட் ஸ்பிரிட்ஸ்’ என்றும் ஒரு காலத்தில் சொன்னார்கள். கட்டுரையில் அது வேண்டாம்.)

படி 2: ‘தீவிர’ போட்டுப் பாருங்கள்

தமிழில் ‘தீவிர ரசிகர்’, ‘தீவிர ஆதரவாளர்’, ‘தீவிர பக்தர்’ என்கிறோமே, அந்த ‘தீவிர’ வருகிற இடத்தில் ‘ஆர்டன்ட்’ பெரும்பாலும் பொருந்தும். ஆனால் இந்தச் சோதனையை அப்படியே நம்பிவிடாதீர்கள். ‘தீவிர சிகிச்சை’க்கு ஆங்கிலத்தில் ‘இன்டென்சிவ்’. தீவிர வலிக்கும் புயலுக்கும் ‘சிவியர்’. அதனால் இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் தீவிரம் ஒரு மனிதரின் ஈடுபாடா, விருப்பமா, நம்பிக்கையா? ஆம் என்றால் ‘ஆர்டன்ட்’ எழுதலாம். வலி, மழை, விலை, வேகம் என்றால் வேறு சொல் தேடுங்கள்.

படி 3: வாக்கியத்தில் எங்கே உட்கார வைப்பது

இதில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. தமிழில் போலவே ஆங்கிலத்திலும் பெயரடை பெயருக்கு முன்னால் வரும். பிரெஞ்சில் இந்தச் சொல் முன்னாலும் வரும், பின்னாலும் வரும். அந்தப் பழக்கத்தில் ‘எ சப்போர்ட்டர் ஆர்டன்ட்’ என்று எழுதிவிடாதீர்கள். உயிரொலியில் தொடங்குவதால் முன்னால் ‘எ’ வராது, ‘அன்’ வரும்: ‘அன் ஆர்டன்ட் சப்போர்ட்டர்’.

அதிகம் மதிப்பெண் போவது அடுத்து வரும் சின்னச் சொல்லில்தான். ஆதரவாளர், ரசிகர், பக்தர் என்றால் பின்னால் ‘ஆஃப்’. நம்பிக்கை உள்ளவர் என்றால் ‘இன்’: ‘அன் ஆர்டன்ட் பிலீவர் இன் ஃப்ரீ எஜுகேஷன்’. ஆசை என்றால் ‘ஃபார்’: ‘அன் ஆர்டன்ட் டிசையர் ஃபார் பீஸ்’.

சரி, ஒரு வாக்கியத்தைக் கட்டிப் பார்ப்போம். மாணவர் முதலில் எழுதுவது இது:

‘மை ஆன்ட் லைக்ஸ் முருகன் வெரி மச்.’

இலக்கணப் பிழை இல்லை, ஆனால் அத்தை முருகனைத் தால்பூரி மாதிரி விரும்புகிறார் போலிருக்கிறது. மாற்றுவோம்:

‘மை ஆன்ட் இஸ் அன் ஆர்டன்ட் டிவோட்டீ ஆஃப் முருகன்.’

இப்போது தேவலை. ஆனாலும் அந்தத் தீவிரம் என்ன என்று வாசிப்பவருக்குத் தெரியவில்லை. இங்கே தைப்பூசக் காவடிக்குக் கொடியேறியதும் விரதம் தொடங்கிவிடும், வீட்டில் மீன்சட்டி பரண் ஏறிவிடும். அதைச் சேர்த்தால்:

‘மை ஆன்ட், அன் ஆர்டன்ட் டிவோட்டீ ஆஃப் முருகன், ஹாஸ் நாட் டச்ட் ஃபிஷ் சின்ஸ் த ஃபிளாக் வாஸ் ரெய்ஸ்ட்.’

பெயரடை சொன்னதற்கு மீன் சாட்சி. ‘ஆர்டன்ட்’ எழுதும்போதெல்லாம் அந்த ஆள் என்ன செய்கிறார் என்று ஒரு துண்டு கூடவே எழுதுங்கள்.

படி 4: அக்கம்பக்கத்துச் சொற்கள்

பொழுதுபோக்குக்கு ‘ஆர்டன்ட்’டைவிட ‘ஏவிட்’ இயல்பாக இருக்கும். ஓயாமல் படிப்பவர் ‘அன் ஏவிட் ரீடர்’. 1812 முதல் குதிரை ஓடும் ஷான் தெ மார்ஸ் மைதானத்தில் ஒரு பந்தயத்தையும் தவறவிடாத மாமா ‘அன் ஏவிட் ரேஸ்கோயர்’. வேண்டுதல், நம்பிக்கை, எதிர்பார்ப்பு ஆகியவற்றோடு ‘ஃபெர்வென்ட்’ நன்றாகச் சேரும்: ‘எ ஃபெர்வென்ட் பிரேயர்’. ‘ஜெலஸ்’ (zealous) என்றால் கொஞ்சம் அளவு மீறிய ஆர்வம் என்ற வாடை உண்டு. பாராட்டும்போது யோசித்துப் போடுங்கள். எழுத்திலும் ஒலியிலும் அதற்கு நெருக்கமான பொறாமைச் சொல்லோடு (jealous) குழப்பிக்கொள்ளவும் வேண்டாம்.

‘பேஷனட்’ மட்டும் தனி ரகம். பேச்சில் எளிதாக வரும், பின்னால் ‘அபவுட்’ கேட்கும். பிரெஞ்சில் ‘பாஸியோனே தெ ஃபுட்போல்’ என்று பழகியவர்கள் ‘பேஷனட் ஆஃப் ஃபுட்பால்’ என்று எழுதுகிறார்கள். ‘பேஷனட் அபவுட் ஃபுட்பால்’தான் சரி.

படி 5: அளவு

‘ஆர்டன்ட்’ கொஞ்சம் சட்டை இஸ்திரி போட்ட சொல். கட்டுரை, செய்தி, மேடைப்பேச்சு எல்லாவற்றுக்கும் சரி. வேலை விண்ணப்பத்தில் தன்னைப் பற்றியே ‘ஐ ஆம் அன் ஆர்டன்ட் லேர்னர்’ என்று எழுதினால் எனக்கு அது பீற்றலாகப் படும். மற்றவரைப் பற்றிச் சொல்லும்போதுதான் அழகு. ஒரு கட்டுரைக்கு ஒன்று போதும். முன்னால் ‘வெரி’ சேர்ப்பதும் வேண்டாம், சொல்லிலேயே சூடு இருக்கிறது. இன்னும் ஏற்ற வேண்டுமானால் ‘மோஸ்ட்’ போடலாம்: ‘ஹிஸ் மோஸ்ட் ஆர்டன்ட் அட்மைரர்’.

இனி உங்கள் முறை. இந்த நான்கையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்: ‘தாத்தா லிவர்பூலின் தீவிர ஆதரவாளர்.’ ‘அவனுக்குத் தீவிர வயிற்றுவலி.’ ‘அக்கா விடாமல் நாவல் படிப்பவள்.’ ‘எனக்குக் கிரியோல் பாட்டு என்றால் உயிர்.’ முதலாவதில் மட்டும்தான் ‘ஆர்டன்ட்’. இரண்டாவதில் ‘சிவியர்’, மூன்றாவதில் ‘ஏவிட்’. நான்காவதில் பேசுவது நீங்களே என்பதால் ‘பேஷனட் அபவுட்’ எழுதுங்கள்.