ஆர்வி கழிவுத் தொட்டியை எங்கே, எப்படிக் காலி செய்வது?

அமெரிக்காவில் ஆர்வி, அதாவது படுக்கை, சமையலறை, கழிப்பறையோடு வீடு போல இருக்கும் பயண வண்டி, எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் எரிபொருளுக்கும் தங்குமிடத்துக்கும் திட்டம் போடுவார்கள், கழிவுத் தொட்டியை மட்டும் மறந்துவிடுவார்கள். வண்டிக்கு அடியில் கழிப்பறைக்கு பிளாக் டேங்க், குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீருக்கு கிரே டேங்க் என்று தனித்தனியாக இருக்கும். இவற்றைக் காலி செய்யத்தான் டம்ப் ஸ்டேஷன்.

தேடுவது கஷ்டமில்லை. சானிடம்ப்ஸ், ஐஓவர்லேண்டர் என்ற இணையதளங்கள் இரண்டிலும் வழியில் இருப்பவை தெரியும். பல ஸ்டேட் பார்க்குகளிலும், ஃப்ளையிங் ஜே, லவ்ஸ் போன்ற டிரக் ஸ்டாப்புகள் சிலவற்றிலும், சில மாநிலங்களின் நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் உண்டு. குளிர்காலத்தில் தண்ணீர் உறையும் என்று நிறைய இடங்களை மூடிவிடுவார்கள், அதனால் அந்த மாதங்களில் போன் செய்து கேட்டுவிட்டே போங்கள்.

நான் அடித்துச் சொல்வது ஒன்றுதான்: சாக்கடை இணைப்பு உள்ள முகாமில் நின்றாலும் பிளாக் டேங்க் வால்வை மூடியே வையுங்கள். திறந்து விட்டால் தண்ணீர் மட்டும் ஓடிப்போய்த் திடக்கழிவு அடியில் மேடாகக் காய்ந்துவிடும், அப்புறம் அதைக் கரைத்து எடுப்பது பெரும்பாடு. முக்கால்வாசியாவது நிறையட்டும், அப்போதுதான் வேகத்தில் எல்லாம் சேர்ந்து அடித்துக்கொண்டு வரும். கழிப்பறையில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றுங்கள். தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் சென்சாரை முழுக்க நம்ப வேண்டாம், அதில் காகிதம் ஒட்டிக்கொண்டால் காலித் தொட்டியையும் நிறைந்ததாகவே காட்டும்.

டம்ப் ஸ்டேஷனில் ஓட்டுநர் பக்கம் கழிவை விடுகிற குழி வரும்படி நிறுத்துங்கள், பெரும்பாலான வண்டிகளில் கழிவு வாய் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு, ஹோஸின் ஒரு முனையை முதலில் குழிக்குள் நன்றாகச் செருகிவிட்டு, மறுமுனையை வண்டியில் திருகி ஒருமுறை இழுத்துப் பாருங்கள், கழன்றால் காலெல்லாம் கழிவுதான். முதலில் பிளாக் டேங்கைத் திறந்து, சத்தம் அடங்கும் வரை விட்டு, மூடுங்கள். அதன்பிறகு கிரே. சோப்புத் தண்ணீர் வருகிற வேகத்தில் ஹோஸ் ஓரளவு சுத்தமாகிவிடும், இந்த வரிசையை மாற்றினால் அந்தப் பலன் கிடைக்காது. வண்டிக்கும் ஹோஸுக்கும் நடுவே கண்ணாடி போல் தெரியும் முழங்கை இணைப்பு ஒன்று வாங்கிப் போட்டால் தண்ணீர் தெளிந்துவிட்டதா என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

அங்கே இருக்கும் கழுவுகிற குழாயிலிருந்து குடிதண்ணீர் பிடிக்கவே கூடாது, பலர் அதை நேராகக் கழிவு ஹோஸுக்குள் விட்டுத்தான் அலசுவார்கள். குடிதண்ணீர்க் குழாய் தனியாக இருக்கும். சிந்தியிருந்தால் கழுவிவிட்டு, குழியை மூடிவிட்டு நகருங்கள். இலவசமாகத் திறந்து வைத்த இடங்களைச் சிலர் அசிங்கம் செய்து வைப்பதால்தான் பூட்டு விழுகிறது, அதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

கிளம்பும் முன் பிளாக் டேங்கில் கொஞ்சம் தண்ணீரும், கழிவுத் தொட்டிக்கென்றே விற்கிற மருந்தும் ஊற்றுங்கள். மருந்து ஃபார்மால்டிஹைட் இல்லாததாக இருக்கட்டும், ஃபார்மால்டிஹைட் செப்டிக் டேங்கில் கழிவை மக்க வைக்கும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். வாடகை வண்டி என்றால் கடைசி இரவு தங்குகிற முகாமிலேயே காலி செய்துவிட்டுப் புறப்படுங்கள், நிறைந்த தொட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்தால் அதற்குத் தனியாகப் பணம் பிடிப்பார்கள்.