ஒருபக்க மூக்கடைப்பும் மூக்கு லிம்போமாவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் மூக்கடைப்புக்கு யாரும் பதறுவதில்லை. மார்கழிப் பனி, சாலைப் புழுதி, ஏசி அறை என ஏதேனும் ஒரு காரணம் கைவசம் இருக்கும். ஆவி பிடித்தும், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை விழுங்கியும் நாள்களைக் கடத்திவிடுவோம். பெரும்பாலும் அது வெறும் சைனஸ் தொல்லையாகவே இருக்கும். ஆனால் நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமா மூக்கிலோ சைனஸ் அறைகளிலோ அரிதாகத் தோன்றும்போது, அதன் தொடக்கமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

முதல் தவறு, அடைப்பு எந்தப் பக்கம் என்று கவனிக்காமல் விடுவது. ஒவ்வாமையும் சளியும் பெரும்பாலும் இரு நாசிகளையும் பாதிக்கும். ஒரே நாசி வாரக்கணக்கில் அடைத்துக்கொண்டு, ரத்தம் கலந்த, துர்நாற்றமுள்ள நீர் வடிந்தால், அல்லது கன்னம் வீங்கி மரத்துப்போனால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோப்பி மூலம் உள்ளே பார்த்தாக வேண்டும். மேல்தாடைப் பல் ஆடுகிறது என்று அதைப் பிடுங்கிய பிறகு குழி ஆறாமலே இருப்பதும், மேலண்ணத்தில் புண் விழுந்து துளையாவதும் இந்த நோயின் அடையாளங்களாக இருக்கக்கூடும்.

இரண்டாவது தவறுதான் எனக்கு மிகுந்த கவலை தருவது: திசுப் பரிசோதனைக்கு (பயாப்ஸி) முன்பே ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்வது. லிம்போமா அணுக்கள் பலவற்றை ஸ்டீராய்டு தற்காலிகமாக அழித்துவிடும் என்பதால் வீக்கம் வடியும், மூச்சு எளிதாகும், வீட்டில் எல்லோரும் நிம்மதியடைவார்கள். அந்தச் சமயத்தில் பயாப்ஸி எடுத்தால் நோயியல் மருத்துவருக்குத் தெளிவான விடை கிடைக்காமல் போகலாம், சில வாரங்களில் கட்டி திரும்ப வளரும். ஆகவே ஏற்கெனவே என்னென்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்பதைச் சீட்டுகளோடு மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்துமா போன்ற வேறு நோய்க்காக நீண்டகாலமாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள் மட்டும் தாமாக அதை நிறுத்திவிடக் கூடாது.

‘புற்றுநோய் அணுக்கள் காணப்படவில்லை’ என்ற ஒரே ஒரு அறிக்கையோடு திருப்தியடைவது மூன்றாவது தவறு. மூக்கில் வரும் லிம்போமா வகைகளில் ஒன்றான, என்கே, டி எனப்படும் வெள்ளை அணுக்களில் உருவாகும் என்கே/டி அணு லிம்போமா எப்ஸ்டீன் பார் வைரஸோடு தொடர்புடையது. இந்த லிம்போமா ரத்தக் குழாய்களையே தாக்குவதால் சுற்றியுள்ள திசு செத்துப்போகிறது. மேலாகக் கிள்ளி எடுத்த துணுக்கில் அந்தச் செத்த திசுவும் அழற்சியும் மட்டுமே தென்படும். 2021-ஆம் ஆண்டு எல்லோரையும் கலங்கடித்த கருப்புப் பூஞ்சையும், காசநோயும்கூட இதே தோற்றம் தரலாம் என்பதால் குழப்பம் கூடுகிறது. சிகிச்சைக்குப் புண் ஆறவில்லையென்றால், உயிருள்ள திசு தொடங்கும் விளிம்பிலிருந்து ஆழமாக, பல துணுக்குகளாக மறுபடி எடுக்க வேண்டும். அணுவின் வகையைக் காட்டும் சிடி56 உள்ளிட்ட குறியீடுகளுக்கான சோதனையையும், வைரஸைக் காட்டும் ஈபர் சோதனையையும் செய்தால்தான் வகை உறுதியாகும்.

அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ போகும்போது அறிக்கையையும் ஸ்கேன் படங்களையும் மட்டும் எடுத்துச் செல்வது பலர் செய்யும் தவறு. பரிசோதனைக்கூடத்தில் இருக்கும் ஸ்லைடுகளையும், திசு பதிக்கப்பட்ட அந்தச் சிறிய மெழுகுக் கட்டியையும் எழுதிக்கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். கூடுதல் சோதனைகளைப் பெரும்பாலும் அதிலிருந்தே செய்துவிடலாம்.

‘முழுவதையும் அறுத்து எடுத்துவிடுங்கள்’ என்று மருத்துவரை வற்புறுத்துவதிலும் பயனில்லை. லிம்போமாவுக்கு மருந்தும் கதிர்வீச்சுமே முதன்மைச் சிகிச்சை; அறுவைசிகிச்சை பெரும்பாலும் திசு எடுப்பதோடு முடிகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் குணம் தந்த அதே மருந்தைக் கேட்பதும் தவறு. பி எனப்படும் வெள்ளை அணுக்களில் தோன்றும் லிம்போமா வகைக்குப் பொதுவாகத் தரப்படும் சாப் (CHOP) என்ற மருந்துத் தொகுப்பின் சில மருந்துகளை என்கே/டி அணுக்கள் தம்முள்ளிருந்து வெளியேற்றிவிடும் தன்மை கொண்டவை. அதனால் அந்த வகைக்கு அஸ்பராஜினேஸ் என்ற மருந்து அடங்கிய சிகிச்சையும், நோய் ஓரிடத்தில் நிற்கும் நிலையில் கதிர்வீச்சும் தேவைப்படுகின்றன.

சிகிச்சை தொடங்கும் அவசரத்தில் சிலவற்றை விட்டுவிடாதீர்கள். பி அணு வகைக்குத் தரப்படும் ரிடுக்ஸிமாப் மருந்தை ஏற்றுவதற்கு முன் ஹெபடைடிஸ் பி சோதனை, முகத்தில் கதிர்வீச்சு தருவதற்கு முன் பல் பரிசோதனை, இனிமேல் குழந்தை பெற விரும்புபவர்களுக்குக் கருவளம் பற்றிய ஆலோசனை ஆகிய மூன்றும் முதல் ஊசிக்கு முன்பே கேட்டு முடிக்க வேண்டியவை.