லினக்ஸில் வைஃபை வரவில்லையா? முதலில் கார்டின் எண்ணைப் பாருங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்கள் இப்போது இங்கே சிங்கப்பூரில் மலிவாகக் கைமாறுகின்றன. தங்குவிடுதியில் இருக்கும் நம் பையன்கள் அவற்றை வாங்கி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வகைகளான மின்ட்டோ உபுண்டுவோ போட்டுக்கொள்கிறார்கள். திரை வரும், சத்தம் வரும், கேமரா கூட வரும். வைஃபை மட்டும் வராது. ஊருக்கு வீடியோ கால் பேசத்தான் லேப்டாப் வாங்கியதே, அதுவே இல்லையென்றால் எப்படி? ஞாயிற்றுக்கிழமையானால் யாராவது ஒருவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வந்துவிடுகிறார்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் எலெக்ட்ரிஷியன். ஒரு விளக்கு எரியவில்லை என்றால் எடுத்த எடுப்பில் பல்பை மாற்ற மாட்டோம். மெயினில் கரண்ட் இருக்கிறதா, பிரேக்கர் விழுந்திருக்கிறதா, சுவிட்ச் வரை வருகிறதா என்று வரிசையாக டெஸ்டரை வைத்துப் பார்ப்போம். வைஃபையிலும் அதே வரிசைதான்: வைஃபை கார்டு கண்ணில் படுகிறதா, டிரைவர் (லினக்ஸைக் கார்டோடு பேச வைக்கும் நிரல்) ஏறியதா, ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் நிரல்) கிடைத்ததா, யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா. எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று தெரியாமல் எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னலில்) ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் இணையம் வேண்டும். வைஃபை இல்லாத லேப்டாப்பில் வைஃபைக்கான டிரைவரை எப்படி இறக்குவது என்று பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு ஃபோனை யுஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் சொருகி, ஃபோன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பக்கத்துக்குப் போய் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை வயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் தேவையில்லை. பெரும்பாலான ஃபோன்களில் ஃபோன் வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையே கேபிள் வழியாக லேப்டாப்புக்குப் போகும், டேட்டா கரையாது. டெதரிங் பட்டன் மங்கலாகவே இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய உலவுகின்றன.

சரி, இப்போது முதல் கட்டளை: எல்எஸ்பிசிஐ, ஒரு இடைவெளி, ஒரு கோடு (கழித்தல் குறி), என்என்கே. நீளமாக ஓடும். அதில் 'நெட்வொர்க் கண்ட்ரோலர்' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். 'ஈதர்நெட் கண்ட்ரோலர்' என்பது வயருக்கானது, அதை விட்டுவிடுங்கள். அந்த வரியின் கடைசிப் பக்கம் சதுர அடைப்புக்குள் ஓர் எண் ஜோடி இருக்கும், நடுவில் இரட்டைப் புள்ளியோடு. அதுதான் கார்டின் அடையாள எண். முதல் பாதி தயாரிப்பாளர்: 8086 என்றால் இன்டெல், 10இசி ரியல்டெக், 14இ4 பிராட்காம், 168சி குவால்காம் ஏத்தரோஸ், 14சி3 மீடியாடெக். இரண்டாம் பாதி எந்தச் சிப் என்பதைச் சொல்லும். இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எண்ணை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், போன மாதம் வந்த ஒரு தம்பியின் கதை அப்படி. புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன், கட்டுமான வேலை, இரவில் டிப்ளோமா படிக்கிறான்.

"அண்ணே, யூடியூப்ல சொன்ன கமாண்ட் எல்லாம் போட்டுட்டேன். ஒண்ணும் ஆகல."

"என்ன கார்டு தம்பி?"

லேப்டாப்பின் மாடல் பெயரைச் சொன்னான். வீடியோவில் இருந்ததும் அதே மாடல்தானாம். ஆனால் ஒரே மாடலை ஒரு தொகுதியில் இன்டெல் கார்டோடும் இன்னொரு தொகுதியில் வேறு கார்டோடும் விற்பது சர்வ சாதாரணம். வீடியோக்காரரிடம் இருந்தது ரியல்டெக். இவன் லேப்டாப்பில் எல்எஸ்பிசிஐ காட்டியது 14இ4, பக்கத்தில் 4365. பிராட்காம் பிசிஎம்43142. ரியல்டெக் டிரைவரின் சோர்ஸை (மூல நிரலை) இறக்கி இவன் எத்தனை முறை கம்பைல் செய்தாலும் (ஓடும் நிரலாக மாற்றினாலும்) பிராட்காம் கார்டு திரும்பிக்கூடப் பார்க்காது.

எண்ணுக்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள் உண்டு. 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருந்தால் டிரைவர் ஏறிவிட்டது, கோளாறு அதற்கு அப்புறம். அந்த வரி இல்லாமல் 'கெர்னல் மாட்யூல்ஸ்' மட்டும் இருந்தால், பொருத்தமான டிரைவர் இருக்கிறது, ஏதோ தடுக்கிறது. இரண்டுமே இல்லையென்றால் உங்கள் கெர்னலுக்கு, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்கு, அந்தக் கார்டைத் தெரியாது.

இப்போது கம்பெனிவாரியாகச் சொல்கிறேன். இன்டெல் என்றால் பெரிதாகக் கவலை வேண்டாம். ஐடபிள்யூஎல்வைஃபை என்ற டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும், அவ்வளவுதான். உபுண்டுவிலும் மின்ட்டிலும் அது கூடவே வந்துவிடும். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸில் 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து இன்ஸ்டாலரிலேயே சேர்த்துவிட்டார்கள். அதற்கு முந்தைய டெபியன் என்றால் ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை என்ற பேக்கேஜை நீங்கள்தான் போட வேண்டும். சூடோ (நிர்வாகி உரிமை தரும் சொல்), இடைவெளி, டிமெசேஜ் அடித்தால் (டி, எம், இ, எஸ், ஜி என்று ஐந்தெழுத்து) கெர்னலின் புலம்பல் முழுவதும் வரும். அதில் ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை, பிழை -2 என்று வரிசையாக வந்தால் பயந்துவிடாதீர்கள். டிரைவர் புதிய பதிப்பிலிருந்து பழைய பதிப்புவரை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இறங்கும். கடைசியில் 'லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்' என்று ஒரு வரி இருந்தால் கிடைத்துவிட்டது என்று பொருள்.

பழைய ஏத்தரோஸ் கார்டு, ஏடிஎச்9கே டிரைவரில் ஓடுவது, உங்களுக்கு வாய்த்திருந்தால் நீங்கள் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கவே மாட்டீர்கள். லேப்டாப்புக்குள் இருக்கும் அந்தக் கார்டுகளுக்குத் தனி ஃபர்ம்வேர் கூட வேண்டாம்.

ரியல்டெக், மீடியாடெக் விஷயத்தில் பெரும்பாலும் கெர்னலின் வயதுதான் சிக்கல். ஆர்டிஎல்8852பிஇ என்ற கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான டிரைவர் கெர்னல் 6.2-இல்தான் சேர்ந்தது. உபுண்டு 22.04 முதலில் வந்தபோது அதில் இருந்தது 5.15. பழைய பென்டிரைவை வைத்து இன்ஸ்டால் செய்தவருக்கு வைஃபை வராது, 6.8 கெர்னலோடு வந்த 24.04-ஐப் போட்டவருக்குத் தானாக வரும். மீடியாடெக் எம்டி7921-க்கு 5.12 அல்லது அதற்கு மேல் வேண்டும். யூநேம், இடைவெளி, கோடு, ஆர் என்று அடித்தால் உங்கள் கெர்னல் எண் தெரியும். யாரோ எழுதி வைத்த சோர்ஸை இறக்கிக் கம்பைல் செய்வதைவிட, புதிய பதிப்பை லைவ் யுஎஸ்பியில் (இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே) ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது என் கட்சி. அதில் வைஃபை வந்தால் அதையே போட்டுவிடலாம்.

பிராட்காம்தான் வம்பு பிடித்தது. 43142 போன்ற சிப்புகளுக்குத் திறந்த மூல டிரைவர் கிடையாது. கம்பெனி தந்த டபிள்யூஎல் என்ற டிரைவர்தான் ஒரே வழி. அதைப் புதிய கெர்னல்களுக்கு ஒட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் டெபியன், உபுண்டு ஆட்கள். உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்', மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்' திறந்தால் பிராட்காம் பெயர் தெரியும், தேர்ந்தெடுத்து அப்ளை கொடுங்கள். டெர்மினல்தான் வேண்டும் என்றால் உபுண்டுவில் பேக்கேஜ் பெயர் பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ், டெபியனில் பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்.

அந்தப் பையனுக்கும் இதைத்தான் போட்டோம். பேக்கேஜ் சுத்தமாக ஏறியது. ரீஸ்டார்ட் செய்தால் பழையபடியே. காரணம் செக்யூர் பூட். நம் கணினியில் கம்பைல் ஆகும் டிரைவருக்குக் கையொப்பம் இல்லையென்றால், அல்லது அந்தக் கையொப்பத்தைக் கணினி ஏற்றுக்கொள்ளவில்லையென்றால், கெர்னல் அதை உள்ளே விடாது. இன்ஸ்டால் நடக்கும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த முறை பூட் ஆகும்போது நீலத்திரை ஒன்று வந்து ஏதாவது கீயைத் தட்டச் சொல்லும். பத்து வினாடிதான் தரும். தட்டாவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல நேரே லினக்ஸுக்குள் போய்விடும். தம்பி அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தான். சூடோ எம்ஓகேயுடில், இரண்டு கோடு, இம்போர்ட் என்று அடித்து, அதன் பின்னால் வார் (வி, ஏ, ஆர்) அடைவில் லிப், ஷிம்-சைன்டு, எம்ஓகே என்று உள்ளே உள்ளே போனால் கிடைக்கும் எம்ஓகே.டிஇஆர் கோப்பைக் கொடுத்தால் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட் செய்து, நீலத்திரையில் 'என்ரோல் எம்ஓகே', 'கன்டினியூ', 'யெஸ்', பாஸ்வேர்டு, ரீபூட். மேல் மூலையில் விசிறி போன்ற வைஃபை சின்னம் வந்தது. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கத்தில்) செக்யூர் பூட்டையே அணைத்துவிடுவதும் ஒரு வழிதான். இரண்டில் எது என்று கேட்டால் நான் கையொப்ப வழியைச் சொல்வேன்.

டபிள்யூஎல் போட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கெர்னல் அப்டேட் ஆகும் ஒவ்வொரு முறையும் இந்த டிரைவர் புதிதாகக் கம்பைல் ஆக வேண்டும். ஏதோ ஒரு நாள் அது தோற்றால் வைஃபை போய்விடும். பூட் ஆகும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் தட்டி, கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் சமாளிக்கலாம்.

டிரைவர் இருக்கிறது, ஃபர்ம்வேர் இருக்கிறது, ஆனாலும் வைஃபை 'ஆஃப்' என்றே நிற்கிறதா? ஆர்எஃப்கில், இடைவெளி, லிஸ்ட். 'சாஃப்ட் பிளாக்டு: யெஸ்' என்றால் ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை என்று அடித்தால் தீர்ந்தது. 'ஹார்ட் பிளாக்டு: யெஸ்' என்றால் லேப்டாப்பின் ஓரத்தில் ஒரு சின்ன நகர்த்து சுவிட்ச் இருக்கிறதா, மேல் வரிசைக் கீகளில் விமானப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லாமலே ஹார்ட் பிளாக் காட்டினால், ஐடியாபேட்_லேப்டாப், ஏசர்_டபிள்யூஎம்ஐ போன்ற மாட்யூல் இல்லாத சுவிட்சை இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கலாம். சூடோ மாட்ப்ரோப், கோடு, ஆர், மாட்யூல் பெயர் என்று அடித்து அதைக் கழற்றிப் பார்க்கலாம்.

விண்டோஸையும் கூடவே வைத்திருப்பவர்கள் அதன் பவர் ஆப்ஷன்ஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்பதை அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக அணையாது, கார்டு அரைத் தூக்கத்தில் கிடக்கும், லினக்ஸ் கூப்பிட்டால் எழுந்திருக்காது.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் நம் ரூட்டரின் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை என்றும் சிலர் வருகிறார்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் அத்தனையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் முட்டிக்கொள்ளும். நம் ரூட்டர் 13-ஆம் சேனலுக்கு ஒதுங்கியிருக்கலாம். சிங்கப்பூரில் அது அனுமதிக்கப்பட்டதே. ஆனால் கார்டு அமெரிக்க விதிப்படி இயங்கினால் 11-க்கு மேல் அதற்குக் கண் தெரியாது. ஐடபிள்யூ ரெக் கெட் அடித்து நாட்டின் குறியைப் பாருங்கள். சூடோ ஐடபிள்யூ ரெக் செட், பிறகு பெரிய எழுத்தில் எஸ்ஜி என்று கொடுத்தால் மாறும். இன்டெல்லின் புதிய கார்டுகள் இந்த விஷயத்தில் தாமே முடிவெடுப்பவை, நாம் சொன்னால் கேட்காது. அப்போது ரூட்டரின் சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக மாற்றிவிடுங்கள். இணைப்பு அடிக்கடி அறுந்து அறுந்து வந்தால் நெட்வொர்க்மேனேஜரின் கான்ஃப்.டி அடைவில் வைஃபை.பவர்சேவ் என்ற வரியில் இருக்கும் 3-ஐ 2 ஆக்கிப் பாருங்கள்.

கார்டையே மாற்றிவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: மாற்றலாம். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்கொயரில் கேட்டுப் பாருங்கள், ஆனால் பழைய கார்டைக் கழற்றி அளவு பார்த்துவிட்டுப் போங்கள். புதியவை எம்.2 2230 அளவு. இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 பெரும்பாலான லேப்டாப்களில் வேலை செய்யும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று 1-இல் முடிபவை அதற்கேற்ற இன்டெல் பிராசஸர் உள்ள லேப்டாப்பில் மட்டுமே ஓடும். பெயர் ஒரு எண்தான் வித்தியாசம், கடைக்காரரிடம் அழுத்திச் சொல்லி வாங்குங்கள். சில பழைய லேப்டாப்களின் பயாஸ் தனக்குத் தெரியாத கார்டைப் பார்த்தால் பூட் ஆகவே மறுக்கும். ஆன்டெனா வயரின் முனை அரிசிமணியைவிடச் சின்னது, நேர் மேலிருந்து விரல் நுனியால் அழுத்துங்கள். கழற்ற மனமில்லாதவர்கள் எம்டி7612யு சிப் உள்ள யுஎஸ்பி டாங்கிள் வாங்கலாம். 4.19-க்குப் பிந்தைய கெர்னல்களில் டிரைவர் உள்ளேயே இருக்கிறது.

கடைசியாக, வெளியே போய்ச் சோதித்துப் பார்க்கும்போது: வயர்லெஸ்@எஸ்ஜி என்ற பொது இலவச வைஃபையில் இணைந்தும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால் டிரைவரைத் திட்டாதீர்கள். அங்கே முதலில் ஃபோன் எண்ணைக் கொடுத்து குறுஞ்செய்தியில் வரும் எண்ணைப் போட வேண்டும். அந்தப் பக்கம் லினக்ஸில் சில நேரம் தானாக எழும்பாது. விபிஎன் இருந்தால் அணைத்துவிட்டு, பிரவுசரில் எச்டிடிபிஎஸ் இல்லாமல் வெறும் எச்டிடிபி முகவரி ஒன்றைத் தட்டுங்கள், லாகின் பக்கம் வந்து நிற்கும்.