நான்கு பேரும் பகடை உருட்டியதால் வந்த சிக்கல்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. அதன் ஐந்தாம் பதிப்பில் எங்கள் ஆட்டத்தை நடத்துவது நான். எங்கே ரகசியக் கதவு வைத்தாலும் ஆடுபவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதுவும் தேடுவதில் தேர்ந்த ரேஞ்சர் (காட்டு வீரர்) இல்லை. கவனிக்கும் திறனில் பயிற்சியே எடுக்காத மந்திரவாதி.

தேடுபவர் 20 பக்கப் பகடையை உருட்டி, தன் திறனுக்கான கூட்டலையும் சேர்த்து, இலக்கு எண்ணை எட்ட வேண்டும். முதலில் அந்த இலக்கை 15-லிருந்து 20 ஆக்கினேன். +5 வைத்திருந்த ரேஞ்சருக்கே 15 விழ வேண்டியதாயிற்று, நொந்துபோனார். அப்புறம் எல்லாருக்கும் நானே மறைவாக உருட்டினேன். யாருக்கும் பிடிக்கவில்லை.

மூன்றாவது வாரம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இலக்கு 15 என்றால் கூட்டல் எதுவும் இல்லாதவருக்கு 30 சதவீத வாய்ப்பு. அப்படி நான்கு பேர் உருட்டினால், ஒருவராவது ஜெயிக்க 76 சதவீதம். தனியாக உருட்டும் ரேஞ்சருக்கோ 55தான்! இன்னொன்றும் கண்ணில் பட்டது. முதல் பகடையில் 4 விழுந்ததைப் பார்த்த பிறகுதான் "நானும் தேடுறேன்" என்ற குரல் வரும். 19 விழுந்தால் யாரும் கேட்பதில்லை.

சரி என்று இலக்கை 15-க்கே இறக்கினேன். யார் தேடுவது என்பதைப் பகடையைத் தொடும் முன்பே சொல்லிவிட வேண்டும், உருட்டுவது ஒருவர் மட்டுமே. அதே திறனில் பயிற்சி உள்ளவர் துணை நின்றால், இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுக்கலாம். ரேஞ்சரின் வாய்ப்பு 80 சதவீதம் ஆகிவிடும். தோற்றால் தோற்றதுதான். விளக்கு ஏற்றுவது, சுவரைத் தட்டுவது என்று புதிதாக ஏதாவது செய்தால் மட்டும் மறுமுறை.

போன ஞாயிறு ரோக் (திருடர் பாத்திரம்) துணை நிற்க, ரேஞ்சரே கதவைக் கண்டுபிடித்தார். அப்பாடா என்றிருந்தது.